அலுமாரியின் மேலிருக்கும் கிற்றார்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானே எழுதி மெட்டமைத்த பாடல்களை 1990களில் கிற்றாருடன் சிறிய மேடைகளில் பாடிவந்தேன். பிறகு திருமணம், இரண்டு பிள்ளைகள், வங்கி வேலை என்று 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. அமெரிக்கக் கன்ட்ரி-ஃபோக் பாடகி ஐரிஸ் டிமென்ட், நெடுங்காலம் விலகியிருந்து மீண்டும் தம் பாடல்களோடு வந்தவர் என்று அண்மையில் அறிந்து, அவர் பாடல்களைத் தேடிக் கேட்டேன். அன்றிரவே என் பழைய பாட்டொன்றைப் பாடிப் பார்த்தால், மேல்ஸ்தாயியில் குரல் உடைந்துவிட்டது. கிற்றாரோ அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. 52 வயதில் இது வீண் ஆசைதானா?
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, வெள்ளவத்தை.

பதில்: சகோதரி, 28 வயதில் இருந்த குரலைத்தான் தேடுகிறீர்கள் என்றால், ஆம், அது வீண் ஆசை. இப்போதிருக்கும் குரலுக்கு எந்தச் சுருதி பொருந்தும் என்று தேடத் தயாரென்றால் இன்று மாலையே தொடங்கிவிடலாம்.

தாங்கள் குறிப்பிட்ட பாடகியின் கதையிலிருந்தே வருகிறேன். ஆர்கன்ஸோ மாநிலத்தில் 1961ஆம் ஆண்டு, 14 பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்த ஐரிஸ் டிமென்ட், தேவாலயப் பாடல்களைக் கேட்டு வளர்ந்து, ஏறத்தாழ 25 வயதில்தான் சொந்தமாக எழுதத் தொடங்கினார். 1992, 1994, 1996 என மூன்று அல்பங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. அடுத்து அவருடைய சொந்தப் பாடல்களால் நிறைந்த அல்பம் வருவதற்கு 2012 வரை, அதாவது 16 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. ஆனால் இந்த இடைவெளி முழுவதும் அவர் வாய்மூடி இருந்துவிடவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். 2004இல், சிறுவயது முதல் பழகிய பழைய பக்திப் பாடல்களைப் பெரும்பாலும் கொண்ட அல்பமொன்றைப் பாடி வெளியிட்டார். மீண்டு வந்த பின்னரும் 2015இல், ரஷ்யக் கவி அன்னா அக்மதோவாவின் கவிதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொண்டு மெட்டமைத்தார். தம் சொல் வராத வேளையில் பிறர் சொல்லைப் பாடுவதை அவர் குறைவாக நினைக்கவில்லை.

ஆகையால், தாங்களும் புதுப்பாட்டு எழுதிவிட்டுத்தான் கிற்றாரைத் தொடுவேன் என்று அமர்ந்துவிட வேண்டாம். மலையகத் தாலாட்டொன்றையோ பாரதியின் கவிதையொன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியின் கவிதைகளுக்கு மெட்டமைக்க எனக்கே ஆசை உண்டு; எனினும் அவர் மறைந்தது 1971இல் என்பதாலும், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உரிமையைப் பாதுகாப்பதாலும், வெளியிடும் எண்ணமிருந்தால் உரிமையுள்ளவர்களின் அனுமதியைப் பெற வேண்டும். வீட்டுக்குள் பாடிப் பழக யாரையும் கேட்கத் தேவையில்லை.

இனிக் குரல். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் குறைவதால் பல பெண்களின் குரல்நாண்கள் சற்றுத் தடித்து, குரல் இறங்குகிறது. மேலே எட்டாமற் போகும் சுரங்களுக்கு ஈடாகக் கீழே ஒன்றிரண்டு சுரங்கள் திடமாக ஒலிக்கத் தொடங்குவதும் உண்டு. அதனோடு 24 ஆண்டுகள் பயிற்சியில்லாத தசைகளும் சேர்ந்துகொண்டால், முதல் இரவே பழைய சுருதியில் பாடிய குரல் உடையாமல் என்ன செய்யும்? நாளுக்கு 15 நிமிடம் போதும். அரைக் குவளைத் தண்ணீருக்குள் உறிஞ்சுகுழாயை வைத்து, குமிழி வரும்படி மெல்ல ஊதிக்கொண்டே மெட்டை முனகிப் பழகுவது குரல்நாண்களை வருத்தாத பயிற்சி. பாடாத நாட்களிலும் கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மட்டும் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

கிற்றாரைப் பற்றித் தாங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும், எனக்கு அதைப் பற்றித்தான் அதிகக் கவலை. யன்னல் கம்பியையே அரித்துவிடும் வெள்ளவத்தைக் கடற்காற்று, உருக்குத் தந்திகளை விட்டுவைத்திருக்காது. பழைய தந்திகளை அப்படியே முறுக்காதீர்கள். அறுந்தால் முகத்தில் அடிக்கும். முதலில் அவற்றைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, தந்திகள் வந்து முடியும் அடிக்கட்டையின் பின்விளிம்பில் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள். கடதாசி உள்ளே போனால், பசை விட்டுவிட்டதென்று பொருள்; பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும் வரை தந்தி பூட்டக் கூடாது. ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் இழுவிசையை அந்த மரத்தின் மேல் ஏற்றுகின்றன.

மரம் உறுதியாக இருந்தால், மெல்லிய தந்திகளைப் பூட்டி, எல்லாவற்றையும் வழக்கமான சுருதியிலிருந்து ஒரு முழுச்சுரம் கீழே வையுங்கள். அப்போது பழைய ஜி கோர்ட்டையே (chord) பிடித்தாலும், ஐந்து கட்டையில் ஒலித்த பாட்டு நான்கு கட்டையில் ஒலிக்கும். விரல்களுக்கு வேறு பாடம் வேண்டியதில்லை, குரலுக்கும் நிம்மதி, கிற்றாருக்கும் சுமை குறைவு. பிறகு குரல் தேறினால் தந்திகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவைக் கழுத்தின் முதற்கட்டில் பூட்டி அரைச்சுரம் ஏற்றிக்கொள்ளலாம். நுனிவிரல் தோல் தடிக்கும் வரை சில வாரங்கள் எரியும். அதற்கு மட்டும் குறுக்குவழி கிடையாது.

கேள்வி: எழுபதுகளில் பொப்பிசை மேடைகளில் கிற்றார் வாசித்துத் தாமே எழுதிப் பாடிய எங்கள் அப்பாவுக்கு விரைவில் 75 வயது. மண்டபம் எடுத்து, இசைக்குழு பிடித்து அவரைப் பாடவைக்கப் பிள்ளைகள் விரும்புகிறோம். அவரோ குரல் போய்விட்டது என்று மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகர், கொட்டாஞ்சேனை.

பதில்: மண்டபத்தை விட்டுவிடுங்கள், தம்பி. இங்கிலாந்தின் நாட்டார் பாடகி ஷேர்லி கொலின்ஸ் குரல் பாதிப்பினால் பாடுவதையே நிறுத்தியிருந்து, 1978க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2016இல், தமது 81ஆவது வயதில், புதிய அல்பத்தை வெளியிட்டார். அதை ஒலிப்பதிவு செய்த இடம் பெரிய கலையகமன்று. லூயிஸ் நகரில் உள்ள அவருடைய வீடுதான். பழைய குரலை அவர் அதில் தேடவுமில்லை. இறங்கிப் போன, சற்றுத் தழுதழுத்த குரலிலேயே பாடினார்.

இசைக்குழு வந்தால், இசைத்தட்டிலுள்ள பழைய சுருதியைத்தான் பிடிப்பார்கள். தந்தையார் அஞ்சுவதும் அதற்காகவே இருக்கக்கூடும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று, தெருவில் வாகன இரைச்சல் அடங்கியிருக்கும் காலை வேளையில், வீட்டு மண்டபத்தில் அவருக்குப் பழகிய கதிரையைப் போட்டு, சுருதியை அவரே சொல்லட்டும் என்று விடுங்கள். கைத்தொலைபேசியில் பதிவுசெய்யப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், அதை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.