கால்பந்தில் கோல் கீப்பர் கோல் கோட்டுக்கு உள்ளே நின்று பந்தைப் பிடித்தால் கோலா?

கீப்பர் வலைக்குள் நின்று பந்தைப் பிடித்தும் நடுவர் கோல் தரவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். கோல் இல்லை, நடுவர் சொன்னதுதான் சரி. கீப்பரின் இரண்டு காலும் வலைக்குள் இருந்தாலும், கையை முன்னால் நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு மேலேயே பிடித்துவிட்டார் என்றால் அது கணக்கில் வராது. முழுப் பந்தும் கோட்டைத் தாண்ட வேண்டும், காற்றில் இருந்தாலும் இதேதான்.

நீங்கள் கோட்டுக்கு நேராக நிற்காமல் சாய்வாகப் பார்த்திருப்பீர்கள். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் போட்ட இரண்டாவது கோலுக்கு முன்னால் பந்து வெளியே போய்விட்டது என்று பாதி உலகமே கத்தியதும் இப்படித்தான்.

சந்தேகமா? பந்து தரையைத் தொடும் இடம் கோட்டின் பின்விளிம்பைத் தாண்டி 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி வைத்து, நேர் மேலே இருந்து பாருங்கள். விட்டம் சுமார் 22 செ.மீ. என்பதால் பந்தின் வயிறு இன்னும் கோட்டின் மேல் துளி தொங்கும்.

ஆனால் பிடித்த பிறகு தடுமாறிப் பந்தோடு உள்ளே விழுந்தால் அப்புறம் கோல்தான், யாரும் அவரைத் தள்ளிவிடாத வரை.