உயிர்மருத்துவ ஆய்வகக் கட்டடம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நான் கிருஷ்ணகிரிக்காரன். ஆய்வகக் கட்டடங்களுக்குக் காற்று, தண்ணீர், கரன்ட் இந்த மூன்றையும் வடிவமைப்பது தொழில். பல்கலைக்கழகத்துக்கு ஆய்வகம் கட்டுவது பற்றி நம் பக்கத்து நண்பர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில். பெயின்ட், டைல்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, நல்லது.

கேள்வி (தருமபுரி, பேராசிரியர்): வகுப்பறைக் கட்டடம் மாதிரியே 11 அடி உயரத்தில் தளம் போட்டால் போதும் என்கிறார் எங்கள் பொறியாளர். சரியா?

போதாது சார். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆய்வகத்துக்குள் வந்த காற்றை வீட்டு ஏசி மாதிரி மறுபடி சுற்றவிடக் கூடாது, முழுக்க வெளியே தள்ளிவிட்டுப் புதுக் காற்றை எடுக்க வேண்டும். அதுவும் மணிக்கு 6 முதல் 12 தடவை அறைக் காற்று மாற வேண்டும். அதற்கான டக்ட், அதாவது காற்றுக் குழாய், பெரிது. கூரையைத் தாங்கும் பீமுக்கு 60 செ.மீ., டக்டுக்கு 50, கேபிள், குழாய்களுக்கு 30, கீழே ஆள் வேலை செய்ய 2.8 மீட்டர் என்று கூட்டினாலே 4.2 மீட்டர் வந்துவிடுகிறது. 4.5 இருந்தால் நிம்மதி. சுவரை எப்போது வேண்டுமானாலும் இடித்துக் கட்டலாம், தளத்தைத் தூக்க முடியாது.

கலிபோர்னியாவில் கட்டடக்கலைஞர் லூயி கான் கட்டிய சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே ஆள் நடமாடும் உயரத்தில் குழாய்களுக்கென்றே தனித் தளம் உண்டு. கீழே ஆய்வு நடக்கும்போதே மேலே ரிப்பேர் பார்க்கலாம். அதற்கு முன்னால் அவரே பிலடெல்பியாவில் கட்டிய ரிச்சர்ட்ஸ் ஆய்வகக் கட்டடம் உலகப் புகழ் பெற்றது, ஆனால் உள்ளே கண் கூசுகிறது என்று விஞ்ஞானிகள் கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டார்கள்! நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். நீளவாக்குச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், கிழக்கு மேற்கில் படிக்கட்டு, கழிப்பறை, குழாய்கள் மேலேறும் ஷாஃப்ட் எல்லாம் போய்விடட்டும்.

கேள்வி (பர்கூர், கட்டடக்கலை மாணவி): தூண்களுக்கு இடைவெளி எவ்வளவு வைக்கலாம் அண்ணா?

பெஞ்சிலிருந்து தொடங்கும்மா. இரண்டு பக்கமும் 75 செ.மீ. பெஞ்ச், நடுவில் இரண்டு பேர் முதுகோடு முதுகு நிற்க 1.5 மீட்டர், சுவர்க் கனத்தையும் சேர்த்தால் 3.3 மீட்டர். அதன் இரு மடங்கு, அதாவது 6.6 மீட்டர், தூண் இடைவெளி.

கேள்வி (ஓசூர்): எங்கள் ஊர் குளிர்தானே, இவ்வளவு ஏசி எதற்கு?

இது ஆள் குளிருக்காக இல்லை சார். கிருமி வேலை நடக்கும் அறையில் காற்றழுத்தம் தாழ்வாரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று உள்ளே வருமே தவிர வெளியே கசியாது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வரிசையாக வைத்த அறையோ, அவை வெளியே கக்கும் சூட்டால், குளிர்காலத்திலும் அடுப்படிதான். உங்கள் ஊர்க் குளிர் மின்கட்டணத்தில் உதவும், அதை மறுக்கவில்லை. இரவில் ஆள் இல்லாதபோது காற்று மாற்றத்தைக் குறைக்கும் சென்சாரும் போடுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): லேமினார் ஹூட் இருக்கிறதே, பயோசேஃப்டி கேபினெட் வேறு எதற்கு?

லேமினார் ஹூட் வடிகட்டிய காற்றை உங்கள் முகத்தைப் பார்த்து வீசும். மாதிரிக்குப் பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை. நோயாளி ரத்தம், கிருமி என்றால் இரண்டாம் வகை பயோசேஃப்டி கேபினெட்தான், அது காற்றை உள்ளே இழுத்து வடிகட்டி உங்களையும் காக்கும். அதில் ஆவியாகும் ரசாயனத்தைத் திறக்காதீர்கள், பரவலாக விற்கும் ஏ2 மாடல் 70 சதவீதக் காற்றை உள்ளேயே சுற்றவிடும். அந்த வேலைக்கு, ஆவியை முழுக்க வெளியே தள்ளும் ஃபியூம் ஹூட். காசநோய்க் கிருமியை வளர்க்கப் போகிறோம் என்றால் அது உயிர்ப்பாதுகாப்பில் மூன்றாம் நிலை ஆய்வகம், முழுக்க வேறு கதை, கட்டடம் முடிந்தபின் சொல்லாதீர்கள்.

கேள்வி (பென்னாகரம்): போர் தண்ணீரை ஆய்வகத்துக்குப் பயன்படுத்தலாமா?

நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததா? குடிநீரிலேயே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். செல் வளர்ப்புக்கு 18.2 மெகாஓம்-செ.மீ. மின்தடை உள்ள, உப்பே இல்லாத சுத்தமான தண்ணீர் வேண்டும், ஆர்ஓ மட்டும் போட்டால் எட்டாது, அதன்பின் அயனி நீக்கும் கட்டமும் வேண்டும். ஆர்ஓ கழிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு இன்னும் செறிந்திருக்கும். அதைத் தோட்டத்துக்கோ கிணற்றுக்கோ விடக் கூடாது. இதற்கு வரைபடத்திலேயே வழி காட்டச் சொல்லுங்கள், நிறைய பேர் மறப்பது இதைத்தான்.

கேள்வி (கிருஷ்ணகிரி): இடத்துக்கு ஒரு பக்கம் குவாரி, ஒரு பக்கம் 44ஆம் எண் நெடுஞ்சாலை. மைக்ராஸ்கோப் வேலை செய்யுமா?

முதலில் அதிர்வை அளந்து பாருங்கள், வெடி வைக்கும் நேரத்திலும் சேர்த்து. சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு அதிர்வின் வேகம் நொடிக்கு 50 மைக்ரோமீட்டர் வரை பரவாயில்லை, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அதைவிடப் பல மடங்கு குறைய வேண்டும். கீழே பாறை இருப்பது வரம். தரைத்தளத்தில், லிஃப்ட், ஜெனரேட்டர், ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எதுவும் அண்டாத மூலையில் மைக்ராஸ்கோப்பை வையுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): திரவ நைட்ரஜனை எந்த அறையில் வைப்பது?

ஒரு லிட்டர் சிந்தினால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு, அது அறையிலுள்ள ஆக்ஸிஜனை விரட்டிவிடும். வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. அதனால் தரைத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டிய அறை, ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் மானி, வெளியிலிருந்தே உள்ளே பார்க்கக் கதவில் கண்ணாடி. லிஃப்டில் ஆளோடு ஏற்றவே கூடாது.

கேள்வி (அரூர்): கழிவை எரிக்க சொந்தமாக உலை வைக்கலாமா?

75 கி.மீ.க்குள் பொதுச் சுத்திகரிப்பு மையம் இருந்தால் 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் அனுமதிப்பதில்லை. கிருமிக் கழிவை முதலில் உங்கள் ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமியைக் கொல்லும் கலத்தில், போட்டு, பிறகு மஞ்சள் பையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): அக்னி மூலையில் ஆட்டோகிளேவ் வைக்கச் சொல்கிறார் வாஸ்துக்காரர்...

வையுங்கள் சார், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆய்வகக் காற்றை வெளியே தள்ளும் புகைபோக்கியை மட்டும் அவரிடம் விடாதீர்கள். மொட்டைமாடிக்கு மேல் 3 மீட்டராவது உயர வேண்டும், புதுக் காற்று இழுக்கும் வாய் அதிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.