நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் போடலாமா? எந்த நாட்டவரை நம்பி?

திருகோணமலையில் நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் காணி இருக்கிறது, ரஷ்யர்களும் இந்தியர்களும் கூட்டமாக வருகிறார்களாமே, நாலு அறை கட்டி விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக வெளிநாட்டில் உழைத்த காசை ஊரில் போட நினைக்கிறீர்கள் போல. கட்டுங்கள். ஆனால் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் பார்த்துக் கட்டாதீர்கள், நான் அப்படித்தான் மாட்டினேன்.

2018இல் இலங்கைக்கு 23 லட்சம் பேர் வந்தார்கள். அந்தத் துணிவில் கடன் எடுத்து, இங்கே என் கெஸ்ட் ஹவுஸில் இன்னும் இரண்டு அறை கட்டினேன். எங்கள் பக்கத்துச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, குண்டு வெடித்தது. புது அறையில் பெயின்ட் மணம்கூடப் போகவில்லை, புக்கிங் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. அப்புறம் கொரோனா, பெற்றோல் வரிசை, அதெல்லாம் தெரிந்த கதைதான்.

என் முட்டாள்தனம் 2023இல் நடந்தது. அந்த வருடம் இந்தியர்களுக்கு அடுத்தபடி ரஷ்யர்கள்தான் என்று பேப்பரில் பார்த்துவிட்டு, போனில் மொழிபெயர்த்து, இடியப்பம், சொதி, கணவாய்ப் பொரியல் என்று ஒரு பெரிய பலகை முழுக்க ரஷ்ய எழுத்தில் எழுதி வாசலில் நட்டேன். அதைப் படிக்க எண்ணி நாலு பேர்கூட வரவில்லை. பிறகுதான் உறைத்தது, அவர்களில் பெரும்பாலானோர் தங்கள் ஊர்க் குளிருக்குத் தப்பி டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள். அப்போது தெற்கே உனவட்டுன, ஹிக்கடுவப் பக்கம்தான் நல்ல கடல், இங்கே வாடை மழையில் என் பிளாஸ்டிக் கதிரைகள் முற்றத்தில் மிதக்கும். அந்தப் பலகை இப்போது கோழிக்கூட்டுக்குக் கதவு.

இந்தியர்கள் வருகிறார்கள்தான், 2024இல் நாட்டுக்கு நாலு லட்சத்துக்கும் மேல். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் வேன் பிடித்து வந்து இறங்கி, கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீரூற்று எல்லாம் பார்த்து, ஒரு இரவு தங்கி, விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு கிளம்பிவிடுவார்கள். வெள்ளைக்காரர் என்றால் ஒரு கிழமை இருப்பார், புறாமலைத் தீவுக்குப் படகு, பின்னேரம் பியர். யாரையும் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள், அறை எத்தனை நாள் நிரம்புகிறது என்பதைத்தான் சொல்கிறேன். இரண்டு அறை போதும், மீனும் மரக்கறியும் ருசியாகச் சமைக்கிற ஆள் ஒருவரைப் பிடியுங்கள், நவம்பரில் பூட்டி வைக்கவும் மனதைத் தயார் பண்ணுங்கள்.

இன்னொன்று. கனடா, பிரிட்டன் என்று கணக்கில் வருவதில் எங்கள் ஆட்களும் சேர்த்திதான், அந்த நாட்டுப் பாஸ்போட்டில் வந்தால் சுற்றுலாப் பயணி. என் மச்சானும் அப்படி ஒரு கனடாக்காரர். போன ஓகஸ்ட், சீசன் உச்சத்தில், நல்லூர்த் திருவிழா பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு வந்து, கடலைப் பார்த்த அறையில் ஒன்பது நாள். மனிசியின் தம்பியிடம் காசு கேட்க முடியுமா? போகும்போது வாசலில் நின்று, "அத்தான், ஏசி சத்தம் போடுது, மாத்துங்கோ, இப்பிடி இருந்தா ஃபொரினேர்ஸ் வரமாட்டினம்" என்கிறார்.

ஏசியை இன்னும் மாற்றவில்லை.