அமெரிக்கத் தென்மாநிலங்களில், திருமண நாளுக்குக் கணவனும் மனைவியும் இரண்டு மூன்று நாள் தங்கி வர நல்ல பழைய ஊர் எது?

மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் நாட்செஸ். யார் கேட்டாலும் இந்த ஊரைத்தான் முதலில் சொல்வேன்.

நாங்கள் எங்கள் திருமண நாளுக்கு ஹூஸ்டனிலிருந்து காரில் போனோம். பேட்டன் ரூஜ் வரை பெரிய சாலை, அப்புறம் 61ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராக வடக்கே. நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பினால் மூன்று மணி நேரம் போதும். ஊரில் இன்று 15,000 பேர்கூட இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் 1716இலேயே கோட்டை கட்டிக் குடியேறிய இடம் இது. நியூ ஆர்லியன்ஸுக்கு இரண்டு வயது மூத்தது.

மிசிசிப்பி ஆற்றை ஒட்டி எழும் 200 அடி மேட்டின் மேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மேட்டின் விளிம்பிலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். எதிர்க்கரை லூசியானா, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது என்பதால், சாயங்காலமானால் ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நாங்களும் அங்கேதான் இருந்தோம். வீட்டில் பேச நேரமே கிடைக்காத எத்தனையோ விஷயங்களை அங்கே பேசித் தீர்த்தோம்.

பலரும் இந்த ஊருக்கு வருவது மாளிகைகளைப் பார்க்கத்தான். வடக்கு மாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில் 1862இல் சண்டையில்லாமல் சரணடைந்த ஊர் என்பதால் அவை தப்பின. 1857இல் கட்டி முடித்த ஸ்டான்டன் ஹால் அழகுதான். ஆனால் நேரம் குறைவாக இருந்தால் லாங்வுட் ஒன்றை மட்டுமாவது பாருங்கள். எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயக் குமிழ் போன்ற கூரை. ஹாலர் நட் என்ற பருத்திப் பண்ணை முதலாளி 1860இல் வேலையைத் தொடங்கினார். மறு வருடம் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 32 அறைகளில் கீழ்த்தளத்து 9 அறைகள்தான் முடிந்திருந்தன. 1864இல் அவரும் இறந்துபோனார். மேல்மாடிகளுக்குப் போனால் இன்றும் வெறும் செங்கல்லும் மர உத்தரமும்தான்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாகவே எழும். அதற்கான பதில் ஊரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது: ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடு. தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் நடந்தது. வர்ஜீனியா போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்து நடத்தியே கூட்டி வந்தார்கள். பார்க்கக் கட்டடம் எதுவும் இல்லை. புல்தரை, தகவல் பலகைகள், சிமெண்டில் பதித்த இரும்பு விலங்குச் சங்கிலிகள், அவ்வளவுதான். 2021இல் இது தேசியப் பூங்காவின் பகுதியானது. திருமண நாளுக்குப் போய் இதைப் பார்ப்பதா என்று தோன்றலாம். மாளிகைகளுக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பிறகு மெல்ரோஸ் மாளிகைக்குப் போனால், முன்கூடத்துத் தூண்களைவிடப் பின்னால் உள்ள அடிமைகளின் குடியிருப்புதான் முதலில் கண்ணில் படும்.

என் மனைவி பழைய ஆவணங்களைத் தேடிப் படிப்பவர். அன்று இரவு அவர் சொன்ன ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் திருமணமாகவே ஏற்கவில்லை. கணவனை ஒருவருக்கும் மனைவியை இன்னொருவருக்கும் விற்கலாம். 1863இல் வடக்குப் படை நாட்செஸில் வந்து நிலைகொண்டதும், அந்தச் சந்தைக் கொட்டடிகளைப் படைவீரர்களே பிரித்தெறிந்தார்கள். அடுத்த ஓரிரு வருடங்களில் நாட்செஸிலும் விக்ஸ்பர்க்கிலும் பக்கத்து டேவிஸ் பெண்டிலும் விடுதலையான ஆயிரக்கணக்கான ஜோடிகள் வரிசையில் நின்று தங்கள் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. முன்பு வேறொருவரோடு எத்தனை வருடம் வாழ்ந்தீர்கள், எதனால் பிரிந்தீர்கள், குழந்தைகள் எத்தனை என்றெல்லாம் அவற்றில் தனித்தனிக் கட்டங்கள். பிரிந்த காரணம் என்ற கட்டத்தில் சிலருக்கு மரணம், சிலருக்கு விற்பனை. திருமண நாள் கொண்டாட வந்த எங்களுக்கு அதன் பிறகு வெகுநேரம் பேச்சு வரவில்லை.

ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சன் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் விடுதலை பெற்று, முடிதிருத்தும் கடை நடத்தி வசதியாக வாழ்ந்தவர். 1835 முதல் 1851இல் கொலையுண்டது வரை நாட்குறிப்பு எழுதினார். அவரே சில அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் அங்கே மறைக்காமல் சொல்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

சாப்பாட்டுக்கு மேட்டின் கீழே சில்வர் தெருவுக்கு இறங்குங்கள். நீராவிப் படகுக் காலத்தில் சூதாட்டமும் சண்டையுமாக இருந்த இடம், இப்போது ஆற்றைப் பார்த்தபடி சாப்பிடும் கடைகள். மக்காச்சோள மாவில் இறைச்சி வைத்து வேகவைக்கும் டமாலே இந்தப் பக்கத்து விசேஷம். சைவம் என்றால் தேர்வு குறைவு, சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் பெயர் தந்த நாட்செஸ் பழங்குடியினரின் மண்மேடுகள் ஊருக்குள்ளேயே, கிராண்ட் வில்லேஜ் என்ற இடத்தில் உள்ளன. 1729இல் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து எழுந்தார்கள். அதன் பின் தோற்கடிக்கப்பட்டு, பிடிபட்டவர்களில் பலர் கரீபியத் தீவுக்கு அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

கடைசி நாளில் நாட்செஸ் டிரேஸ் சாலையில் கொஞ்சமாவது ஓட்டிப் பாருங்கள். டென்னசி மாநிலத்து நாஷ்வில் பக்கம் வரை 444 மைல் நீளம். லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, வேகம் 50 மைலுக்குள். பத்து மைலில் எமரால்டு மவுண்ட் வரும். எட்டு ஏக்கர் பரப்பில் மனிதர்கள் கையால் எழுப்பிய மேடு, மேலே ஏறலாம். இன்னும் நேரமிருந்தால் போர்ட் கிப்சன் பக்கம் வின்ட்சர் இடிபாடுகள் இருக்கின்றன. 1890இல் எரிந்துபோன மாளிகையின் தூண்கள் மட்டும் காட்டுக்குள் நிற்கின்றன.

மார்ச், ஏப்ரலில் தனியார் வீடுகளையும் திறந்து காட்டுவார்கள். 1932இலிருந்து தொடரும் வழக்கம் அது, கூட்டமும் இருக்கும். இருவர் மட்டும் நிதானமாகச் சுற்ற வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், புழுக்கத்தில் நடக்கவே முடியாது.