கம்பெனித் தலைவர் மாறினால் கும்பகோணத்துக் கடைக்கு என்ன ஆகும்?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரே பிராண்டின் செல்போன், லேப்டாப் விற்கும் ஷோரூம் வைத்திருக்கிறேன். கடையில் 6 பேர். அதில் 2 பேர் கம்பெனி அனுப்பிய புரமோட்டர்கள். சம்பளம் ஏஜென்சி மூலம். கம்பெனியின் ரீடெயில் தலைவர் மாறிவிட்டார் என்று செய்தி வந்ததிலிருந்து பையன்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள். தீபாவளிக்கு வழக்கம்போலச் சரக்கு எடுக்கலாமா? சின்ன ஊர்க் கடைகளை மூடிவிடுவார்களா?

பதில்: மேலே ஆள் மாறிய அன்று கடையில் எதுவும் மாறாது. மாற்றம் படிப்படியாகத்தான் இறங்கும். கிளைத் தலைவர் மாறுவார், பிறகு உங்கள் ஏ.எஸ்.எம். (உங்கள் பகுதி விற்பனையைப் பார்க்கும் கம்பெனி மேலாளர்) மாறுவார். உங்கள் பணம் மாட்டிக்கொள்வது அந்த ஏ.எஸ்.எம். மாறும் நாளில். "எடுங்க சார், ஸ்கீம்ல பாத்துக்கலாம்" என்று அவர் வாயால் சொன்னது எதுவும் புதியவரின் கணக்கில் இருக்காது. "கம்பெனி குடுத்தா நான் குடுக்கிறேன்" என்று டிஸ்ட்ரிபியூட்டரும் ஒதுங்கிக்கொள்வார்.

ஆகவே முதல் வேலை, வரவேண்டிய கிளெய்ம்களை இந்த வாரமே ஒரு தாளில் எழுதுவது. டார்கெட் ஸ்கீம், விலை குறைப்பு ஈடு (கம்பெனி விலையைக் குறைத்தால் கையிருப்புச் சரக்குக்குத் தரும் வித்தியாசம்), டெமோ போன் கழிவு, போர்டு வாடகை, பையன்களின் இன்சென்டிவ் என ஒவ்வொன்றுக்கும் மாதம், தொகை, எந்தச் சுற்றறிக்கைப்படி என்று குறியுங்கள். அதை ஏ.எஸ்.எம்., டிஸ்ட்ரிபியூட்டர் இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, "சரி" என்று ஒரு வரி பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் மட்டும் போதாது. அவர் எண் மாறினால் பேச்சும் போய்விடும். விலை குறைப்பு ஈடு பெரும்பாலும் தள்ளுபடியாவது இரண்டு காரணத்தால்: விலை குறைந்த தேதியில் கையிருப்பில் இருந்த போன்களின் ஐ.எம்.இ.ஐ. (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) பட்டியலைக் கெடுவுக்குள் கொடுக்காதது, வேறு ஊர் மொத்தக் கடையில் எடுத்த சரக்கை அதில் சேர்த்தது.

பணம் கிரெடிட் நோட்டாக (உங்கள் பாக்கியில் கழிக்கும் சீட்டு) வந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். ஜி.எஸ்.டி.யோடு வந்தால் அந்த அளவு உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி.) நீங்கள் திருப்ப வேண்டும். அப்படிப்பட்ட நோட்டைக் கணக்கில் காட்ட, சரக்கு வாங்கிய நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரைதான் நோட்டு கொடுப்பவருக்கு நேரம். அதற்குப் பிறகு வரியில்லாத வணிக நோட்டுதான் வரும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சரக்கு விஷயத்தில், புதுத் தலைமை வந்ததும் முதல் காலாண்டில் பெரிய எண்ணிக்கை காட்ட நினைக்கும். அந்த எண்ணிக்கை உங்கள் குடோனில்தான் வந்து இறங்கும். ஒரு மாடல் வாரத்துக்கு 4 போகிறதென்றால் கையில் 8 போதும். தீபாவளிக்கு 3 வாரக் கணக்கு வையுங்கள், அதாவது 12. அதற்குமேல் தள்ளினால், விற்காததைத் திருப்பி எடுப்பதாக எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, மும்பையிலோ குருகிராமிலோ உட்கார்ந்து டார்கெட் போடுகிறவருக்கு டெல்டாவின் கைப்பணம் எப்போது புரளும் என்று தெரியாது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவைப் பணம் தீபாவளியை ஒட்டி வரும். ஆனால் பரப்பில் பெரியது சம்பாவும் தாளடியும். அந்த நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறும்போது தை, மாசி ஆகிவிடும். மேட்டூர் தாமதித்த வருடம் தீபாவளி டார்கெட்டைத் தொடுவது கஷ்டம். கடந்த 3 வருட மாதவாரி விற்பனையை ஒரே தாளில் போட்டு, புது ஏ.எஸ்.எம். வந்த முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். டார்கெட் இறங்கிய பிறகு கொடுத்தால் அது சாக்காகத்தான் தெரியும்.

பையன்களின் பயம் வீண் என்று சொல்ல மாட்டோம். புதியவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஆப்பிளின் கடைகளுக்கு 2012 ஏப்ரலில் பிரிட்டனின் டிக்சன்ஸ் கடைச் சங்கிலியிலிருந்து ஜான் பிரோவெட் வந்தார். சில மாதங்களிலேயே கடை ஊழியர்களின் வேலை நேரம் குறைக்கப்பட்டது. ஆகஸ்டில் அது தவறு என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அக்டோபரில் அவர் வெளியேறுவதாக அறிவிப்பு வந்தது. 2014-இல் பர்பெரி ஆடை நிறுவனத்திலிருந்து வந்த ஏஞ்சலா ஆரென்ட்ஸ் கடையின் தோற்றத்தையும் உள்ளே நடக்கும் வகுப்புகளையும் மாற்றினார். இதைவிடக் கசப்பானது அமெரிக்காவின் எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலியான சர்க்யூட் சிட்டி. 2007-இல் கூடுதல் சம்பளம் வாங்குகிறார்கள் என்று சுமார் 3,400 கடை ஊழியர்களை ஒரே வீச்சில் நீக்கியது. போனவர்கள் பொருள் தெரிந்த ஆட்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அது திவால் மனு போட்டது. பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது என்றாலும், விற்கத் தெரிந்தவர்களை அனுப்பியது கடையைக் காப்பாற்றவில்லை.

உங்கள் சொந்த ஊழியர் 4 பேர் சம்பளம் உங்கள் கையில். அவர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆட்டம் காண்பது புரமோட்டர்கள் வேலைதான். ஏஜென்சி மாறினாலும் அவர்களின் யு.ஏ.என். (ஒருவருக்கு ஒன்றே ஒன்றான பி.எஃப். எண்) மாறக்கூடாது. பழைய எண்ணைக் கொடுக்காமல் விட்டால் புதிதாக ஒன்று உருவாகி, பி.எஃப். இரண்டாகச் சிதறக்கூடும். ஒவ்வொரு மாதப் பங்கும் அடுத்த மாதம் 15-க்குள் கட்டப்பட வேண்டும். பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊழியர் விலகிய தேதியைப் பழைய ஏஜென்சி பதியாவிட்டால், கடைசிப் பங்கு விழுந்த 2 மாதம் கழித்து ஊழியரே இணையத்தில் பதியலாம். கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று, பாக்கி இன்சென்டிவ் பட்டியல் ஆகியவற்றை ஏஜென்சி இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கைமாறிய பிறகு போனை எடுக்க ஆள் இருக்காது.

மூடுவார்களா என்பதற்கு அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். புது மாடல் வந்தும் டெமோ போன் வரவில்லை, விலகிய புரமோட்டர் இடத்தில் ஆள் போடவில்லை, எரியாத போர்டு விளக்குக்கு மாதக்கணக்கில் அனுமதி இல்லை என்ற மூன்றும் சேர்ந்து நடந்தால் உங்கள் கடை பட்டியலில் கீழே போகிறது என்று கொள்ளுங்கள். அப்போது ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, அலமாரியும் மேசையும் யாருடையது. அவை கம்பெனிச் சொத்தென்றால் கழற்றும்போது உடையும் சுவருக்கும் தரைக்கும் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். கட்டட உரிமையாளரிடம் வாடகை புதுப்பிப்பு வந்தால், இப்போதைக்கு 11 மாதத்துக்கு மேல் கையெழுத்துப் போட வேண்டாம்.