ஆண்டர்சனை யாராவது சுட்டிருந்தால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போபால் விஷவாயுக் கசிவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த ஆலையின் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடின் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதான அன்றே ஜாமீனில் வெளியே வந்தார். அமெரிக்காவுக்குப் போனவர் திரும்பவேயில்லை. 2014இல் 92 வயதில் இயற்கையாக இறந்தார். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அதிகாரி தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது பலர் வெளிப்படையாகவே மகிழ்ந்தார்கள். எனக்கும் உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. சட்டம் கைவிட்ட இடத்தில் ஒருவன் துப்பாக்கியை எடுத்தால், அவனைக் குற்றவாளி என்று நாம் எந்த வாயால் சொல்வது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆண்டர்சனுக்கு ஜாமீன் 25,000 ரூபாய். வாயுவால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பல வருடம் கழித்து முதலில் கிடைத்த இழப்பீடும் ஏறக்குறைய அதே 25,000தான். 2010 ஜூனில் இந்திய நிர்வாகிகளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை இரண்டு வருடம். அவர்களும் உடனே ஜாமீனில் வீட்டுக்குப் போனார்கள். இதைப் படித்துக் கொதிக்காதவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஆனாலும் அந்தத் துப்பாக்கியை என்னால் ஏற்க முடியாது. உயிர் புனிதமானது என்ற பொது வசனத்தை விடுங்கள், காரணம் போபால் ஆலைக்குள்ளேயே இருக்கிறது.

1984 டிசம்பர் 2 இரவு, 610ஆம் எண் தொட்டியில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய நச்சு ரசாயனம் இருந்தது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் இயக்கத்தில் இல்லை. மிச்சத்தை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். 1982லேயே அமெரிக்காவிலிருந்து வந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வுக்குழு ஆபத்துகளை எழுதிக் கொடுத்திருந்தது. அந்த அறிக்கை யார் யார் மேசைக்குப் போனது? செலவைக் குறை என்று சொன்னது யார்? கையெழுத்துப் போட்டது யார்? இதெல்லாம் ஆவணங்களை இழுத்துப் போட்டு, ஆட்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால்தான் வெளியே வரும். ஆண்டர்சனை ஒருவன் சுட்டிருந்தால் அவர் தியாகியாகியிருப்பார், மற்ற எல்லோரும் பழியை இறந்தவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார்கள். பொறுப்பை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவதுதான் பெருநிறுவனத்தின் பலம். கொலைகாரன் அந்த வேலையை அவர்களுக்காகவே முடித்துத் தருகிறான். நியூயார்க்கிலும் இரண்டு மாதத்துக்குள் அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார். நிறுவனம் அப்படியே நடக்கிறது.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 ஜூலை 18, ஹரியானாவின் மானேசரில் உள்ள மாருதி கார் ஆலை. தொழிற்சங்க உரிமை, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை என்று நியாயமான பிரச்சினைகள் ஒரு வருடமாகப் புகைந்துகொண்டிருந்தன. அன்று கலவரம் மூண்டது, தீ பரவியது, மனிதவள அதிகாரி ஒருவர் அதில் சிக்கி இறந்தார். நிறுவனத்தின் கொள்கையை வகுத்தவரல்ல அவர். அப்புறம் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி யார் பேசினார்கள்? பேச்செல்லாம் கொலை வழக்கைப் பற்றித்தான். 148 பேர் மீது வழக்கு, பலருக்கு வருடக்கணக்கில் ஜாமீன்கூட இல்லை. 2017இல் அவர்களில் 117 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள், 13 பேருக்கு ஆயுள். ஒரு மனிதரின் உயிரும் போனது, கோரிக்கையும் போனது, குற்றமே செய்யாதவர்களின் இளமையும் சிறையில் போனது.

இன்னொன்றையும் யோசியுங்கள். விசாரணை இல்லாமல் கொல்லலாம் என்று நாம் ஒருமுறை தலையாட்டிவிட்டால் அந்தத் துப்பாக்கி முதலாளியை நோக்கியா திரும்பும்? 2019இல் ஹைதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022இல் அது திட்டமிட்டுச் சுட்டது என்றது. நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. என்கவுன்டரில் செத்த ஆலை அதிபர் ஒருவரையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? இல்லாதவன் வீட்டு வாசலில்தான் அது எப்போதும் வந்து நிற்கும்.

அப்படியானால் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். போபால்காரர்கள் சும்மா இருக்கவில்லையே. 1989இல் 47 கோடி டாலருக்கு அரசும் நிறுவனமும் சமரசம் செய்துகொண்டபோது குற்றவியல் வழக்குகளையும் சேர்த்தே ரத்து செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் மறுஆய்வு கேட்டுப் போராடியதால்தான் 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளுக்குத் திரும்ப உயிர் கொடுத்தது. 2010 தீர்ப்பு எவ்வளவு அற்பமாக இருந்தாலும், அதில் குற்றவாளிகள் என்று பெயர்கள் பதிவானதற்கு அவர்களே காரணம். வாயுவால் பாதிக்கப்பட்ட ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா தலைமையில் பெண்கள் டெல்லிவரை நடந்தே போனார்கள். யூனியன் கார்பைடை வாங்கிய டௌ நிறுவனத்தின் அதிகாரிகளிடம் துடைப்பங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2004இல் கிடைத்த கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசுப் பணத்தைச் சிங்காரி என்ற அறக்கட்டளையில் போட்டார்கள். வாயுவாலும் நச்சு நீராலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே சிகிச்சை நடக்கிறது. கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள் எடுக்காத துப்பாக்கியை, தள்ளி நின்று பார்க்கும் நாம் அவர்கள் சார்பில் எடுக்கச் சொல்வதற்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டம் நகரவே நகராது என்பதும் சரியில்லை. 1986இல் அமெரிக்க நீதிமன்றம் போபால் வழக்கை ஏற்க மறுத்து இந்தியாவுக்கே திருப்பியது. 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. சாம்பியாவில் தாமிரச் சுரங்கக் கழிவால் பாதிக்கப்பட்ட கிராமத்தவர்கள் தாய் நிறுவனமான வேதாந்தா மீது லண்டனிலேயே வழக்கு நடத்தலாம் என்றது. நடுவில் 33 வருடம். தாமதம்தான், கொடுமையான தாமதம். ஆனால் அடுத்த விபத்தில் தாய் நிறுவனத்தைத் துரத்தப்போகும் வக்கீல் கையில் இன்று ஒரு தீர்ப்பு இருக்கிறது.

போபால் ஆலை வளாகத்தில் குவிந்திருந்த 337 டன் நச்சுக் கழிவை எரித்து அழிக்க மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூருக்கு ஏற்றிப் போனதே 2025 ஜனவரியில்தான். சுற்றுப்புற மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்துவிட்டதை யார் செலவில் சுத்தம் செய்வது என்ற சண்டை இன்னும் முடியவில்லை. அந்தப் பெண்கள் இன்றும் மனுக்களோடு அலைகிறார்கள். உங்கள் கோபம் அவர்கள் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்புடன்