ஐம்பதாயிரத்தை நாமே கொடுத்துவிட்டால் என்ன?

அன்புள்ள சார்,

நாங்கள் முலுண்டில் இருக்கிறோம். நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், மாமியார். போன மாதம் பரேலில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி வழியாக டாக்சியில் போகும்போது, தலையில் முடி கொட்டிப்போன ஒரு சின்னப் பையன் நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். என் மகன் இரண்டு நாள் அதையே பேசினான். அதனால் வெளியூரிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்காகக் குடும்பமாகச் சேர்ந்து 50,000 ரூபாய் திரட்டலாம் என்று முடிவு செய்தோம். தீபாவளிக்கு முறுக்கு விற்பது, ஜனவரி மாரத்தானில் மகளும் நானும் ஓடுவது என்று திட்டம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். 41 பேர் இருக்கும் குழுவில் மூன்று கும்பிடு பொம்மைகள் வந்தன, அவ்வளவுதான். "இந்தக் கூத்துக்கு நாமே 50,000 கொடுத்துவிடலாமே" என்கிறார் கணவர். நான் கேட்டது தப்பா?

முலுண்டு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவரின் கணக்கு சரி. கையில் பணமும் கொடுக்க மனமும் இருந்தால் இன்று ராத்திரியே அனுப்பிவிடலாம், முறுக்கு எண்ணெயாவது மிச்சமாகும். ஆனால் அப்பா போனில் இரண்டு தட்டு தட்டி அனுப்பிவிட்டால், இரண்டு நாள் அதையே பேசிய உங்கள் மகனுக்கு அதில் என்ன வேலை? அதற்காகத்தான் இந்தக் கூத்து. அதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

நாங்களும் ஒரு தடவை இறங்கினோம், செம்பூரில், ஒரு முதியோர் இல்லத்துக்கு இன்வெர்ட்டர் வாங்குவதற்காக. தேன்குழல் கால் கிலோ பாக்கெட் 120 ரூபாய், 100 பாக்கெட். என் மனைவியும் அக்காவும் மூன்று நாள் அடுப்படியில் நின்றார்கள். பை ஒட்டும் மெஷின் இல்லாததால், பாலித்தீன் பையின் வாயை ஒரு ரம்பத் தகட்டின்மேல் மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டினோம், அது என் மகனின் இலாகா, அவன் விரல் நுனி ஒரு வாரம் சிவந்திருந்தது. 12,000 வந்ததும் ஒரே கொண்டாட்டம். அப்புறம்தான் அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், ஒரு முழு சிலிண்டர், பை எல்லாவற்றையும் கூட்டினால் செலவே 4,900 என்று தெரிந்தது. 12,000 என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, நிஜத்தில் 7,100. நீங்கள் செலவை வீட்டுச் செலவாகப் போட்டுக்கொள்ளப் போகிறீர்களா, விற்ற காசில் கழிக்கப் போகிறீர்களா என்பதை மாவு அரைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். எல்லாப் பணத்தையும் என் ஜிபேயிலேயே வாங்கினேன். பால்காரருக்குக் கொடுத்தது, மச்சான் திருப்பித் தந்த கடன், தேன்குழல் காசு, நன்கொடை எல்லாம் ஒரே குட்டையில். மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா மகன், சாதாரணமாகத்தான், "அந்தப் பணம் கடைசியில் எவ்வளவு சேர்ந்தது?" என்று கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்ததில் 1,300 ரூபாய் இடித்தது, கைக்காசு போட்டுச் சரிக்கட்டினேன். ஆனாலும் அவன் முகத்தில் ஒரு நொடி வந்துபோன அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் பணம் உங்கள் கணக்குக்குள் வரவே வேண்டாம். கொடுப்பவர் நேராக அறக்கட்டளைக்கு அனுப்பட்டும். அப்போதுதான் ரசீது அவர் பெயரில் வரும், நன்கொடைக்கான 80ஜி வருமானவரி விலக்கும் அவருக்குக் கிடைக்கும் (பழைய வரி முறையில் இருந்தால், புதிய முறையில் அது கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது). உங்கள் கணக்கில் விழுந்தால் சொந்தமல்லாதவர்களிடமிருந்து வருஷத்தில் 50,000-க்கு மேல் வந்த பணம் என்ன என்று வரித்துறைக்கு நீங்கள்தான் விளக்க வேண்டிவரும். வேடிக்கை என்னவென்றால் வருமானவரிச் சட்டத்தில் அத்தை உறவு, அத்தை மகன் உறவில்லை. வெளிநாட்டிலிருக்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால் அவன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்புவதில் சிக்கலில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தான் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ அனுமதி உள்ள அமைப்பு மட்டும்தான் அதை வாங்கலாம். முறுக்கு வாங்கியவர் கொடுத்தது விலை, நன்கொடை இல்லை. அதற்கும் 80ஜி ரசீது கேட்கும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

சரி, குழுவின் மௌனம். புதுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். இலை போட்டுச் சாப்பாடு, வாசலில் ஒருவர் பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். அது தர்மம் இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். சொந்தக்காரர்கள் குழுவில் பணம் என்ற சொல்லைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வருகிறது. இவளுக்கு எவ்வளவு செய்யணும், பெரியம்மா எவ்வளவு போட்டாள், அவளைவிடக் குறைத்தால் பேச்சு வருமா? எல்லோரும் முதல் ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். மும்பையில் கணபதி மண்டல் பையன்கள் வர்கணிக்கு, அதாவது விழா வசூலுக்கு, வரும்போது பாருங்கள், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவார்கள், சொசைட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுக் காத்திருப்பதில்லை.

நீங்களும் ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், உங்கள் பங்கை முதலில் போட்டுவிட்டு. உங்கள் கணவர் 10,000 போடட்டும், அவருடைய கேள்விக்கும் அது பதிலாகிவிடும். போனை மகளிடம் கொடுங்கள். "இப்போ முடியாதும்மா" என்று ஒரு பெரியப்பா சொல்வதை அவள் கேட்கட்டும், "பரவாயில்லை பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வைக்கவும் பழகட்டும். மொய் நோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவள் கையில். பெயர், தேதி, தொகை, ரசீது எண்.

மகனுக்கு என்ன வேலை என்றால், காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடியரிசி உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். தினமும் உலை வைக்கும்போது தர்மத்துக்கென்று ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைப்பது. அரிசிக்குப் பதில் காசாக, அவனுடைய தின்பண்டக் காசிலிருந்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

இன்னொன்று. முறுக்கை அந்தக் குழந்தைகளுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். கீமோ நடக்கும்போது எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், வெளிச்சாப்பாடும் கூட்டமும் அவர்களுக்கு ஆபத்து. செயின்ட் ஜூட் மையங்கள் 2006-லிருந்து இப்படி வருகிற குழந்தைகளையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கின்றன. அங்கேயோ வேறு நல்ல இடத்திலேயோ, எது தேவை என்று முதலில் போன் செய்து கேளுங்கள். மாரத்தானுக்கு வயது வரம்பு உண்டு, மகளுக்கு எந்த ஓட்டம் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அந்தக் கட்டணத்தை நன்கொடைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தீபாவளிக்கு எனக்கு நான்கு பாக்கெட் எடுத்து வையுங்கள், உப்பு கொஞ்சம் தூக்கலாக. செம்பூரிலிருந்து முலுண்டு ஒன்றும் தூரமில்லை, வந்து வாங்கிக்கொள்கிறேன். விலையைக் கையில் தருகிறேன், உங்கள் மகள் நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.